ஸ்வீடனின் மண் விலங்குகளைச் சேர்க்கத் தொடங்குகிறவருக்கு

கேள்வி இதுதான். மால்மோவில் இருக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையில் பழுப்பு நிறச் சுடுமண் சிங்கம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அடியில் 'லீசா எல்., கே-ஸ்டுடியோன், குஸ்டாவ்ஸ்பெர்க்' என்று பொறித்திருக்கிறது. 1960களில் செய்தது என்று சொல்லி விற்பவர் நல்ல விலை கேட்கிறார். அது அசலா, போலியா? இந்த மாதிரி விலங்குகளைச் சேர்க்க ஆசையாக இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

முதல் கேள்விக்கு நேரடி பதில்: அசல்தான், ஆனால் 1960களில் செய்தது இல்லை. கே-ஸ்டுடியோன் என்ற பெயர் இருந்தாலே அது 1992க்குப் பிறகு செய்தது. அந்த வருடம்தான் இந்தச் சிங்கத்தை வடிவமைத்த ஸ்வீடன் கலைஞர் லீசா லார்சன், குஸ்டாவ்ஸ்பெர்க் பீங்கான் ஆலையில் முன்பு தன்னோடு வேலை பார்த்த சிலரைச் சேர்த்துக்கொண்டு கெராமிக்ஸ்டுடியோன் என்ற சிறு பட்டறையைத் தொடங்கினார். பழைய வடிவங்களை அதே ஊரில் இன்றும் செய்துவருகிறார்கள். சிங்கத்தின் வடிவம் 1964இல் வந்த 'ஆப்பிரிக்கா' வரிசையில் உள்ளது, அந்தமட்டில் விற்பவர் சொல்வது சரி. வடிவமைத்த வருடம் வேறு, உங்கள் கையில் இருக்கும் உருப்படியைச் சூளையில் சுட்ட வருடம் வேறு. இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்கள் பணம் விடுவது பெரும்பாலும் இந்த ஒரு குழப்பத்தில்தான், விற்கிறவர்களும் வேண்டுமென்றே சொல்கிறார்கள் என்று இல்லை, நிறையப் பேருக்கே தெரியாது. பட்டறையில் செய்யும் புதுச் சிங்கம் இன்றைக்கு என்ன விலைக்குக் கடையில் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஒருவர் கையில் இருந்த பொருள் என்பதால் அதைவிடக் குறைத்துக் கேளுங்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. அதைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். உருவாக்கியவரே முன்னின்று நடத்திய பட்டறை அது.

சரி, இரண்டாவது கேள்விதான் பெரியது. நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், மண்ணைப் பார்த்துச் சேருங்கள். அடியில் இருக்கும் கையெழுத்து யார், எப்போது என்பதை மட்டும் சொல்லும். அந்த உருப்படி நன்றாக வந்திருக்கிறதா என்பதை மண்ணும், அதன் மேல் சூளையில் கண்ணாடி போல உருகிப் படியும் பூச்சான கிளேஸும்தான் சொல்லும்.

குஸ்டாவ்ஸ்பெர்க் எப்படிப்பட்ட இடம் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது புரியும். ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே வார்ம்டோவில் 1825இல் தொடங்கிய பீங்கான் ஆலை அது. 1937இல் கூட்டுறவுச் சம்மேளனம் அதை வாங்கியது. சாப்பாட்டுத் தட்டு, கழிப்பறைப் பீங்கான், குளியல் தொட்டி, அப்புறம் பிளாஸ்டிக் வாளி வரைக்கும் செய்த பெரிய தொழிற்சாலை. அதற்குள்ளேயே 1942இல், கலைப் பொறுப்பில் இருந்த வில்ஹெல்ம் கோகெ தனியாக ஒரு ஸ்டுடியோவைத் தொடங்க வைத்தார். 1949இல் அவருடைய இடத்துக்கு வந்த ஸ்டிக் லிண்ட்பெர்க், கோதென்பர்க்கில் படித்து முடித்திருந்த லீசா லார்சனின் வேலையைப் பார்த்துவிட்டு 1954இல் ஒரு வருடம் வந்து முயன்று பார் என்று கூப்பிட்டார். ஒரு வருடத்துக்கு வந்தவர் 1980 வரை இருந்தார். அவருடைய முதல் விலங்கு வரிசை 'லில்லா சூ', 1955. பிறகு 'ஸ்டோரா சூ', 1964இல் 'ஆப்பிரிக்கா', அதற்கடுத்த வருடம் 'மெனஜெரி', 1970களில் நாய்கள் மட்டுமே இருக்கும் 'கென்னல்', கடைசியில் 'நோவாவின் பேழை'. 2024 மார்ச்சில், 92 வயதில் காலமானார்.

குளியல் தொட்டி செய்யும் ஆலைக்குள் கலைஞர்களுக்கு ஒரு அறை, பக்கத்திலேயே களிமண் ஆய்வு செய்கிறவர், சூளை பார்க்கிறவர், அச்சு எடுக்கிறவர் என்று எல்லாரும் இருந்தார்கள். அந்தக் காலத்து ஸ்காண்டிநேவிய விலங்குகள் இவ்வளவு நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனியாளாகப் பட்டறை வைத்திருக்கும் குயவருக்கு இத்தனை சோதனை செய்ய முடியாது, வெறும் ஆலைக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

செய்கிற முறை இப்படி. கலைஞர் மூல உருவத்தைக் களிமண்ணில் செய்வார். அதற்குப் பிளாஸ்டரில் பல துண்டுகளாகப் பிரியும் அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் மண்கூழை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், சுவரை ஒட்டி மண் கெட்டியாகும், மீதிக் கூழைக் கொட்டிவிடுவார்கள். அல்லது ஈர மண்ணைக் கையால் அச்சில் அழுத்துவார்கள். வெளியே எடுத்த பிறகு அச்சுத் துண்டுகள் சேர்ந்த இடத்தில் வரும் தையல் கோட்டைச் சீவி, வழித்து, தேவையான கீறலைக் கூர்மையாக்கி, நிறம் பூசி, சில இடங்களில் பூசியதைத் துடைத்து எடுத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். இந்தக் கடைசிப் பகுதி முழுக்கக் கைவேலை. அதனால்தான் ஒரே அச்சில் பிறந்த இரண்டு சிங்கங்கள் ஒரே மாதிரி இருக்காது.

சிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு கட்டை, முகம் அகலம், முகத்தைச் சுற்றிப் பிடரி முழுக்கக் கோடு கோடாகக் கீறல். அந்தக் கீறலின் அடியில் கருமை தங்கியிருக்க வேண்டும், மேடு வெளிறியிருக்க வேண்டும். துடைத்தவர் கை நன்றாக இருந்த நாளில் செய்தது என்றால் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரியும், விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் முடி புரளுவது போலவே இருக்கும். நிறத்தை அதிகமாகப் பூசிவிட்டாலோ, பல முறை ஊற்றித் தேய்ந்துபோன அச்சில் எடுத்தாலோ, பிடரி மொழுமொழுவென்று ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே விலை கேட்பார்கள். முதலாவதை வாங்குங்கள். மூக்கு, கண், வாய்க்கோடு மூன்றையும் பாருங்கள், அச்சு தேய்ந்தால் முதலில் மழுங்குவது அவைதான்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விலங்குகளில் பெரும்பாலானவை ஸ்டோன்வேர். அதாவது ஏறத்தாழ 1200 டிகிரிக்கு மேல் சுட்டு, கல்லாக இறுகிய மண். அதில் ஷமோட் என்று ஒன்றைக் கலப்பார்கள், ஏற்கெனவே சுட்ட மண்ணைப் பொடித்த குறுணை. அதைப் போட்டால் காயும்போதும் சுடும்போதும் மண் குறைவாகச் சுருங்கும், விரிசல் குறையும், கனமான சுவர் வைத்துச் செய்யலாம். கைக்கும் ஒரு சொரசொரப்பு கிடைக்கும். விலங்குக்குத் தோல் கொடுப்பது அந்தச் சொரசொரப்புதான். குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்ட வகை எடை குறைவாக இருக்கும், அடியில் கிளேஸ் படாத இடத்தில் ஈர விரலை வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டோன்வேர் அப்படி உறிஞ்சாது. சந்தையில் நின்றபடியே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

இப்போது அடிப்பக்கம். குஸ்டாவ்ஸ்பெர்க்கின் அடையாளம் நங்கூரம். ஸ்டுடியோவில் செய்தவற்றில் ஒரு கையின் படம் வரைந்திருக்கும், லிண்ட்பெர்க்கின் வண்ணம் தீட்டிய ஃபையான்ஸ் (வெள்ளைக் கிளேஸ் போட்ட மண்பாண்ட) பாத்திரங்களில் அதை நிறையப் பார்க்கலாம். லீசா லார்சனின் வரிசை விலங்குகளில் பெயரைப் பொறித்தோ முத்திரை குத்தியோ இருப்பார்கள், கூடவே காகித ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், சின்ன உருப்படிகளில் ஸ்டிக்கர் மட்டும் இருந்ததும் உண்டு. ஸ்டிக்கர் இருந்தால் விலை ஏறுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, காகிதத்தை ஒன்றிலிருந்து பிரித்து இன்னொன்றில் ஒட்டலாம், பொறித்த எழுத்தை அப்படி மாற்ற முடியாது. பொறித்த எழுத்தின் ஓரங்களைக் கவனியுங்கள். ஈர மண்ணில் கீறியது என்றால் கோட்டின் இரு பக்கமும் மண் லேசாக ஒதுங்கி மேடு கட்டியிருக்கும், அதன் மேல் கிளேஸோ சூளையின் நிறமோ படிந்திருக்கும். சுட்ட பிறகு யாராவது கீறியிருந்தால் கோடு வெள்ளையாக, பொரிந்த ஓரத்தோடு இருக்கும். பெயர் பொறிக்காத ஒன்றைப் பெயர் உள்ளதாக ஆக்கும் வேலை இப்படித்தான் நடக்கிறது.

'உனிக்' என்று குறித்தவை தனி. கலைஞர் தன் கையாலேயே செய்த ஒற்றை உருப்படி, அச்சு இல்லை. விலையும் வேறு உயரத்தில் இருக்கும். தொடக்கத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம், கண்காட்சியில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள் போதும். குஸ்டாவ்ஸ்பெர்க்கிலேயே பீங்கான் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆலையின் பழைய சேகரிப்பு 2000ஆம் ஆண்டு தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் போனது. நல்ல உருப்படி எப்படி இருக்கும் என்று கண் ஒரு முறை பிடித்துக்கொண்டால் அப்புறம் சந்தையில் தூரத்திலிருந்தே தெரிய ஆரம்பித்துவிடும்.

சேதத்தைத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பார்ப்பேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். காது, வால், கொம்பு, மூக்கு நுனி என்று நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் விரலால் தடவுங்கள், கண்ணை நம்பாதீர்கள். பழுப்பு ஸ்டோன்வேரில் சின்னச் சில்லு பெயர்ந்த இடத்தில் யாராவது பழுப்பு பெயின்ட் தொட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விரலுக்குத் தெரியும், சுட்ட மண் குளிர்ச்சியாக இருக்கும், சேதத்தை மறைக்கப் பூசும் பிளாஸ்டிக் மாதிரியான ரெசின் கொஞ்சம் மிருதுவாக, வெதுவெதுப்பாக இருக்கும். புற ஊதாக் கதிர் டார்ச் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் நல்லது, இருட்டில் அடித்துப் பார்த்தால் பசையும் புதுப் பெயின்டும் மற்ற இடத்திலிருந்து வேறு மாதிரி ஒளிரும். எல்லாப் பசையும் அப்படிக் காட்டிக்கொடுக்காது, அதனால் டார்ச்சோடு விரலையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். நகத்தால் மெல்லச் சுண்டினால் முழுசாக உள்ளது தெளிவாக ஒலிக்கும், உள்ளே விரிசல் உள்ளது பொத்தென்று ஒலிக்கும். பானை வாங்கப் போன நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததேதான்.

ஆனால் எல்லா விரிசலும் சேதம் இல்லை. சூளைக்குள் திறந்துகொண்ட விரிசலின் ஓரம் வட்டமாக மழுங்கியிருக்கும், கிளேஸ் அதற்குள் வழிந்து இறங்கியிருக்கும். அது அந்த உருப்படியின் பிறவிக்குறி, பெரிதாக இல்லாதவரை நான் கவலைப்பட மாட்டேன், ஷமோட் கலந்த கனமான விலங்குகளில் வயிற்றடியில் இது சகஜம். பிறகு விழுந்து வந்த விரிசல் மயிரிழை போல ஓடும், ஓரம் கூராக இருக்கும், அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும். அது வளரும். அதை வாங்க வேண்டாம், விலை எவ்வளவு குறைத்தாலும். ஒட்டுப் போட்ட காது அப்படி இல்லை, விற்பவர் அதை வாய்விட்டுச் சொன்னால், விலையும் அதற்கேற்ப இருந்தால், வீட்டில் வைத்துப் பார்க்க வாங்கலாம். மறுபடி விற்க நினைத்து வாங்காதீர்கள்.

லீசா லார்சன் ஒருவரே எல்லாம் இல்லை, உண்மையில் அவருடைய பெயர் இப்போது மிகவும் சூடாக இருக்கிறது. ஜப்பானில் அவருக்கு இருக்கும் வரவேற்பு பெரிது, கோடு போட்ட மைக்கி பூனை அங்கே பை, தட்டு, புத்தகம் என்று எங்கும் இருக்கிறது, அதனால் பூனை வடிவம் எதுவானாலும் விலை ஏறிவிடுகிறது. கொஞ்சம் விலகிப் பாருங்கள். ஸ்வீடனின் இன்னொரு பீங்கான் ஆலையான ரோர்ஸ்ட்ராண்டில் குன்னார் நிலுண்ட் செய்த ஷமோட் ஸ்டோன்வேர் விலங்குகள், என்னைக் கேட்டால், லீசாவுடையவற்றை விடக் கனமான சிற்பங்கள். லீசாவின் விலங்குகளில் குறும்பு இருக்கும், நிலுண்டின் காட்டெருமையிலும் கரடியிலும் எடை இருக்கும். அடியில் ரோர்ஸ்ட்ராண்டின் மூன்று கிரீடமும் அவர் கையெழுத்தும் பாருங்கள். டென்மார்க் பக்கம் போனால் ராயல் கோபன்ஹேகன் பீங்கான் ஆலையில் க்னுட் க்யூன், 1880இல் பிறந்தவர், வேட்டையும் காடும் தெரிந்த மனிதர், கரடிக்குட்டி உட்காரும் விதத்தை அவரைப் போல யாரும் பிடிக்கவில்லை. அவருடைய ஸ்டோன்வேரில் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி ஓடும் கிளேஸைச் சுங் கிளேஸ் என்று சொல்வார்கள், அது முதுகில் மெல்லியதாகவும் பாதத்தருகில் தேங்கியும் நிற்கும். அந்த ஆலையின் அடையாளம் மூன்று அலைக்கோடுகள். அந்த அலைகளைக் குறுக்கே வெட்டி ஒரு கீறல் போட்டிருந்தால் இரண்டாம் தரம் என்று ஆலையே ஒதுக்கியது என்று அர்த்தம். பல சமயம் அந்தக் குறை கிளேஸில் ஒரு புள்ளியாகத்தான் இருக்கும், வீட்டில் வைக்க அது ஒரு பொருட்டே இல்லை, விலை மட்டும் குறையும்.

ஃபின்லாந்தில் அராபியா ஆலையின் கலைப் பிரிவில் மிக்கேல் ஷில்கின் இருந்தார். இத்தாலியில் மொன்தெலூப்போவில் பிதோசி ஆலைக்காக ஆல்டோ லொண்டி செய்த நீல விலங்குகள், 'ரிமினி ப்ளூ', முத்திரைகளை ஒவ்வொன்றாகக் கையால் ஈர மண்ணில் அழுத்தி அழுத்திச் செய்த கோலம், மேலே நீலமும் பச்சையும். இவை ஸ்டோன்வேர் இல்லை, குறைந்த சூட்டு மண்பாண்டம், சுலபமாக மூளியாகும். பலவற்றின் அடியில் எண்ணும் 'இத்தாலி' என்ற சொல்லும் தவிர வேறு ஒன்றும் இருக்காது, அதனால் நீலமாக இருந்தாலே லொண்டி என்று எழுதி விற்கிறார்கள், அவர் கை படாத எத்தனையோ ஆலைப் பொருட்கள் அந்தப் பெயரில் சுற்றுகின்றன. உங்களுக்குப் பக்கத்திலேயே, ஹெல்சிங்போர்க் அருகில், கான்தோஃப்தாவில் யீயே என்ற பட்டறை இருந்தது. சுவர்ப் பலகைகளும் சிறு உருவங்களும் செய்தார்கள். மால்மோ சந்தைகளில் அவை கிடைக்கும், லீசாவுடையது என்று தவறாகவும் விற்கப்படும். யீயே என்றே தெரிந்து, யீயே விலைக்கு வாங்கினால் அழகான பொருட்கள் அவை.

எங்கே வாங்குவது என்றால், சந்தையும் தர்மக் கடைகளும்தான் முதலில், ஏனென்றால் அங்கே கையில் எடுத்துப் பார்க்க முடியும். அப்புறம் இணைய ஏலத் தளங்களான ட்ராதெரா, ஆக்‌ஷனெட். ஏலத்தில் கேட்கும் விலையைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், முடிந்த ஏலங்களில் உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள், அதன் மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் அனுப்புச் செலவும் சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். படம் போதவில்லை என்றால் கேளுங்கள்: அடிப்பக்கம், முகம் நேராக, காதுகள் மேலிருந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு படம். அனுப்பத் தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

தொடங்கும்போது ஒரு விலங்கையோ ஒரு கலைஞரையோ பிடித்துக்கொள்ளுங்கள். கரடி என்றால் கரடி. நிலுண்டின் கரடி, க்யூனின் கரடி என்று நான்கைந்து பேருடையதை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான், ஒருவர் எலும்பைப் பார்த்திருக்கிறார், இன்னொருவர் உரோமத்தைப் பார்த்திருக்கிறார் என்பது தெரியும். வரிசையை முழுமையாக்க வேண்டும் என்று ஓடுவது எனக்குப் பிடிப்பதில்லை, பிடிக்காத ஒன்றையும் வாங்க வைத்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கிளேஸ் இல்லாத சொரசொரப்பான இடங்கள் கைக்கொழுப்பைக் குடித்துக் கறுக்கும், அதனால் சாப்பிட்ட கையோடு தொடக் கூடாது. தூசியை மெல்லிய ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும். அழுக்கு அதிகம் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. பிளீச் வேண்டவே வேண்டாம், பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடக் கூடாது. உள்ளே குடைவான விலங்குகளின் அடியில், சூளையில் காற்று வெளியேற விட்ட ஒரு துளை இருக்கும். முழுசாகத் தண்ணீரில் அமிழ்த்தினால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய் நாள்கணக்கில் தங்கும். அதே காரணத்துக்காகக் குளிர்காலத்தில் பால்கனியில் வைக்காதீர்கள், மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்தால் விரிந்து பிளந்துவிடும்.

தபாலில் வாங்கினால் எப்படிக் கட்ட வேண்டும் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதலில் காதுக்கும் முதுகுக்கும் நடுவிலும் கால்களுக்கு நடுவிலும் மெல்லிய காகிதத்தைத் திணித்து, உருவத்தைப் பள்ளம் மேடு இல்லாத உருண்டையாக ஆக்க வேண்டும், குமிழி பிளாஸ்டிக் அதற்கு மேல்தான். அதை நேராக மேலே சுற்றினால் இறுக்கம் முழுவதும் காதின் மேல் விழுந்து வழியிலேயே முறிந்துவிடும். பசை நாடா மண்ணில் படக் கூடாது, பழைய ஸ்டிக்கர் இருந்தால் அதோடு பிய்ந்து வரும். அப்புறம் பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் நாலு விரல் கனத்துக்குக் கசக்கிய காகிதம்.